வேதிவினை வகைகள்ல எது எதுன்னு குழம்பாம எப்படி கண்டுபிடிக்கிறது?

சமன்பாட்டைப் பாத்ததும் இது சேர்க்கையா, சிதைவா, இடப்பெயர்ச்சியான்னு எப்படி சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. நானும் ஸ்கூல்ல இதுல நல்லா முழிச்சவன்தான், வரையறை எல்லாம் தலைகீழா ஒப்பிப்பேன் ஆனா டெஸ்ட்ல பாக்காத சமன்பாடு ஒண்ணு வந்துட்டா அவ்ளோதான்.

பேரை கொஞ்ச நேரம் மறந்துடுங்க. அம்புக்குறிக்கு இந்தப்பக்கம் யாரு யாரோட ஒட்டிட்டு இருந்தாங்க, அந்தப்பக்கம் யாரோட இருக்காங்க, அதை மட்டும் பாருங்க. பல பொருள் சேர்ந்து ஒண்ணானா சேர்க்கை, சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்துனா நீத்த சுண்ணாம்பு ஆகுதே அதான் (பக்கத்துல கை வெச்சிராதீங்க, செம சூடு). ஒண்ணு உடைஞ்சு பலதானா சிதைவு. இது ரெண்டும் ஈஸி.

இடப்பெயர்ச்சிலதான் எல்லாரும் மாட்டுறது. காப்பர் சல்பேட் கரைசல்ல ஜிங்க் துண்டைப் போட்டா நீலம் மெல்ல வெளுத்துப்போய் துண்டு மேல செம்பு படியும், ஏன்னா ஜிங்க் காப்பரைத் துரத்திட்டு அது இடத்துல உக்காந்துக்குது. இதையே மாத்தி ஜிங்க் சல்பேட்ல செம்புக் கம்பியைப் போட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருந்தாலும் ஒண்ணும் ஆகாது. யாரு யாரைத் துரத்த முடியும்னு சொல்றதுதான் ரியாக்டிவிட்டி சீரிஸ், அது தெரியாம இந்த வகையைப் படிக்கிறது சுத்த வேஸ்ட்.

இரட்டை இடப்பெயர்ச்சின்னா ரெண்டு ஜோடியும் ஆள் மாத்திக்குது. லெட் நைட்ரேட்டோட பொட்டாசியம் அயோடைடு கலந்தா பளிச்சுன்னு மஞ்சளா லெட் அயோடைடு வீழ்படியும், அதாவது கரையாத தூளா பிரிஞ்சு அடியில தங்கும். ஆனா சாப்பாட்டு உப்பையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் தண்ணில கலந்தா? காகிதத்துல ஜோடி மாத்தி அழகா எழுதலாம், நிஜத்துல அயனிகள் (மின்சுமை உள்ள துகள்கள்) சும்மா மிதந்துட்டு இருக்கும், வினையே கிடையாது. வீழ்படிவோ வாயுவோ தண்ணியோ உருவாகுதான்னு பாத்துட்டு எழுதுங்க.

இப்போ முக்கியமான குழப்பம். மெக்னீசியம் எரிஞ்சு மெக்னீசியம் ஆக்சைடு ஆகுறது சேர்க்கையா, எரிதலா, ரெடாக்ஸா? மூணும்தான்! இதெல்லாம் தனித்தனி டப்பா இல்லைங்க, ஒரே வினையைப் பாத்து கேக்கற வேற வேற கேள்வி. ரெடாக்ஸ்ங்கிறது எலக்ட்ரான் கை மாறுச்சாங்கிற கேள்வி, அதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு, தனியா இருந்த தனிமம் சேர்மத்துக்குள்ள போனாலோ உள்ள இருந்தது தனியா வெளிய வந்தாலோ அது ரெடாக்ஸ். அதனாலதான் ஜிங்க் வினை ரெடாக்ஸ், ஆனா மேல சொன்ன சுண்ணாம்பு வினை சேர்க்கையா இருந்தும் ரெடாக்ஸ் இல்ல, அங்க யாரோட ஆக்சிஜனேற்ற எண்ணும் (எலக்ட்ரான் கணக்கைக் காட்டுற எண்) மாறல. லெட் அயோடைடு வினையும் அப்படியேதான்.

பரீட்சைல மெக்னீசியத்துக்கு எதை எழுதறதுன்னு கேட்டா, கேள்வில குறிப்பா ஒண்ணைக் கேக்கலைன்னா நான் "சேர்க்கை, ரெடாக்ஸும் கூட"ன்னு ரெண்டையும் எழுதிட்டு வந்துடுவேன்.