குடியையும் தூக்க மாத்திரையையும் திடீரென நிறுத்தலாமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் குடிக்கிறார். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் காலையில் சிறிது குடித்தால்தான் அவருடைய கை நடுக்கம் நிற்கிறது. இப்போது தாமாகவே விட்டுவிடுவதாகச் சொல்கிறார். நான்கு நாள் அறைக்குள்ளேயே இருந்து சமாளித்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். “இரண்டு நாள் உடம்பு உதறும், குளுக்கோசும் சத்தான சாப்பாடும் கொடுத்தால் சரியாகிவிடும்” என்று என் அண்ணனும் சொல்கிறார். முன்பு ஒருமுறை இப்படி நிறுத்தியபோது அவருக்கு வலிப்பு வந்தது. வீட்டிலேயே நிறுத்தலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீட்டில் வேண்டாம். உங்கள் கணவர் எடுத்திருக்கும் முடிவு சரியானது. அதை நிறைவேற்ற அவர் தேர்ந்தெடுத்திருக்கும் வழிதான் உயிருக்கு ஆபத்தானது. காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்பதும், முன்பு வலிப்பு வந்தது என்பதும் அவரை மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டுகின்றன.

மூளையின் வேகத்தைத் தணிக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது. மூளையைத் தூண்டும் ‘குளுட்டமேட்’டின் செயலைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது, மூளை தன்னை விழிப்பாக வைத்துக்கொள்வதற்காகத் தணிக்கும் பக்கத்தை மழுங்கச் செய்து, தூண்டும் பக்கத்தைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. ஒரு கதவை இருபுறமும் இருவர் பலமாகத் தள்ளிக்கொண்டிருக்கையில் ஒருவர் சட்டென விலகினால் மற்றவர் என்ன ஆவாரோ, அதுதான் மது திடீரென நின்றதும் நரம்பு மண்டலத்துக்கு நேர்கிறது.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வருகிறது. சிலருக்கு, நினைவு தெளிவாக இருக்கும்போதே, இல்லாத குரல்கள் கேட்கும், இல்லாத உருவங்கள் தெரியும். மிகக் கடுமையான நிலையாகிய ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்ற நடுக்கப் பிதற்றல் இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டுவதே வழக்கம். அதாவது, “இரண்டு நாள் கடந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில்தான் அது வருகிறது. நோயாளி போர்வையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். பகலா இரவா என்று தெரியாது. ஓட்டுநராக இருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்புவார், தையல்காரராக இருந்தவர் இல்லாத துணியைத் தைப்பார். பார்ப்பவர்களுக்கு இது மனக்கோளாறாகத் தோன்றினாலும் உள்ளே காய்ச்சல் ஏறி, இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகிக்கொண்டிருக்கும். உரிய சிகிச்சை இல்லாத காலத்தில் இந்நிலைக்குச் சென்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை இறந்தனர். முறையான சிகிச்சை கிடைத்தால் இன்று அது 5 சதவீதத்துக்கும் குறைவு.

உங்கள் அண்ணன் சொல்வதைப் போலவே ஒரு காலத்தில் மருத்துவர்களிலும் பலர் எண்ணினர். தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோய்க்கு 1813இல் பெயர் சூட்டிய பிறகும், இது குடியால் வருகிறதா, சத்துக் குறைவால் வருகிறதா, குடியை நிறுத்துவதால் வருகிறதா என்ற விவாதம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1955இல் அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்துக்கொண்டே சிலரைப் பல வாரங்கள் குடிக்கவைத்துத் திடீரென நிறுத்தினர். அவர்களில் சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்தன. இன்றைய அறநெறிக் குழு எதுவும் அனுமதிக்காத ஆய்வு அது. ஆனாலும் சாப்பாடு மட்டும் காப்பாற்றாது என்பது அதனால் உறுதியாயிற்று.

குளுக்கோசைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். சர்க்கரையைப் பயன்படுத்தத் தயமின் தேவை. அதைக் கொடுக்காமல் குளுக்கோசை மட்டும் ஏற்றினால் எஞ்சியிருப்பதும் செலவாகி, ‘வெர்னிக்கே’ என்ற மூளை பாதிப்பு தூண்டப்படலாம். குழப்பம், நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு ஆகியவை அதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் புதிய செய்தி எதுவும் மனத்தில் தங்காத நிரந்தர நினைவிழப்பில் கொண்டுபோய் விடும். குடித்துப் பழகிய குடலில் தயமின் மாத்திரை சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்பதால் தொடக்கத்தில் ஊசியாகவே கொடுக்கிறோம்.

மருத்துவமனையில், மதுவைப் போலவே ‘காபா’ வழியாக மூளையைத் தணிக்கும் குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம் போன்ற மருந்துகளை, கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாமை, அறிகுறிகளின் கடுமைக்கேற்பக் கொடுத்து, பொதுவாக ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவோம். முன்பு வலிப்பு வராதவர்கள், வேறு நோய் இல்லாதவர்கள், குடிக்காத ஒருவர் இரவும் பகலும் உடனிருக்கும் வசதி உள்ளவர்கள், நாள்தோறும் மருத்துவரின் பார்வையில் வீட்டிலிருந்தே இச்சிகிச்சையைப் பெறலாம். உங்கள் கணவர் இவர்களில் சேரமாட்டார். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை வரும் விளைவு கடுமையாகிக்கொண்டே போகும் என்பதால், முன்பு வந்த வலிப்பைச் சிறிதாக எண்ண முடியாது. ஒரு மருத்துவர் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம்: சேர்க்கை கிடைக்கும்வரை அவர் குடியைத் திடீரென நிறுத்த வேண்டாம். சேர்க்கையை இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். இடையில் வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. தூக்கத்துக்காக ஒன்பது ஆண்டுகளாக இரவில் அல்பிரசோலம் எடுத்துவந்தார். அது நினைவாற்றலைக் கெடுக்கும் என்று படித்துவிட்டு, இருந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று நாட்களாக அவர் தூங்கவில்லை, கை நடுங்குகிறது, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறார். மருந்து உடம்பை விட்டு வெளியேறும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா?
– ஒரு மகன்

பதில்: சொல்லக் கூடாது. கடிதம் கிடைத்த அன்றே, அம்மாவை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு இவருக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். இவருடைய கவலையில் நியாயம் உண்டு. முதியவர்களுக்கு இம்மருந்துகளால் மறதியும், தடுமாறி விழுந்து எலும்பு முறிவதும் நேர்கின்றன. ஆனால் இவையும் மதுவைப் போலவே மூளையின் ‘காபா’ வழியாக வேலை செய்பவை. ஆகவே திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் இவற்றிலும் வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவிலேயே எடுத்தவர்களுக்கும் வரும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இந்த வகை மருந்துகள் அனைத்தின் உறையிலும் இது குறித்த மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது.

அல்பிரசோலம், லோரசிபாம் போன்றவை விரைவில் உடலை விட்டு நீங்குவதால் ஓரிரு நாட்களில் தொல்லை தொடங்கிவிடும். டயசிபாம் போன்றவை மெதுவாக நீங்குவதால் ஒரு வாரம் கழித்தும் தொடங்கலாம். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதே வீட்டாருக்கு மறந்துபோயிருக்கும். இத்தகைய நிலையில் பெரும்பாலும் பழைய அளவையே மீண்டும் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற அளவில் குறைப்போம். தூக்கம் கெட்டால் அந்தப் படியிலேயே சில வாரம் நின்றுவிட்டுப் பிறகு இறங்கலாம். ஒன்பது ஆண்டுப் பழக்கம் முழுமையாக விடுபட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கு நானே தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? மருத்துவமனையிலும் அதே வகை மருந்தைத்தானே தருகிறார்கள்?
– ஒரு வாசகர்

பதில்: அதே வகைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு வேளையும் நாடித் துடிப்பையும் நடுக்கத்தையும் மூச்சையும் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள். வீட்டில், மாத்திரையைப் போட்டுக்கொண்டவர் அன்றிரவு மனம் மாறிக் குடித்தும்விட்டால், இரண்டும் சேர்ந்து தூக்கத்திலேயே மூச்சை நிறுத்திவிடலாம். கூடாது.

கேள்வி: கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்த என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, சுவரில் ஆட்கள் நிற்பதாகக் கத்தினார். மயக்க மருந்தின் கோளாறு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவர் தினமும் குடிப்பவர். வெட்கத்தால் அதை நாங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை.
– ஒரு மகள்

பதில்: மருத்துவமனைப் படுக்கையில் அவருக்குக் குடி தானாகவே நின்றுபோயிருக்கிறது, மூன்றாம் நாள் என்பதும் பொருந்துகிறது. ஆயினும் விழுந்தபோது தலையில் இரத்தக் கசிவு ஏற்பட்டதா, நோய்த்தொற்று உண்டா, இரத்தத்தில் உப்புகளின் அளவு குறைந்ததா என்பவற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டதால், முதல் நாளே தொடங்கியிருக்கக்கூடிய தடுப்பு மருந்து தொடங்கப்படவில்லை. இப்போதேனும் நாளொன்றுக்கு எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா, தூக்க மாத்திரை எதையாவது எடுத்துவந்தாரா என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். அப்பாவின் எதிரில் சொல்லச் சங்கடமாக இருந்தால், அடுத்த முறை சுற்றுக்கு வரும் மருத்துவரையோ பணியிலிருக்கும் செவிலியரையோ அறைக்கு வெளியே அழைத்துச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.