தொழில்நுட்ப மாநாட்டுக்கு முன்மொழிவு: எந்த வடிவத்தில் அனுப்புவது, என்னென்ன எழுதுவது?

கேள்வி இதுதான்: கல்வித் தொழில்நுட்ப மாநாடு ஒன்றின் அழைப்பில் முழுக் கட்டுரை, குறுங்கட்டுரை, சுவரொட்டி, டெமோ, குழு விவாதம், பயிலரங்கு என்று பல வடிவங்கள் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு விண்ணப்பிப்பது? முன்மொழிவில் எதைப் பார்த்துத் தேர்வு செய்வார்கள்?

தலைப்பை யோசிப்பதற்கு முன்பே வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள். நல்ல வேலைகள் பல, பொருந்தாத வடிவத்தில் அனுப்பப்பட்டதால்தான் திரும்பி வருகின்றன. உங்கள் வேலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். செய்து முடித்து, அளந்து, முடிவும் கையில் இருந்தால் முழுக் கட்டுரை. கருவி ஓடுகிறது, ஆனால் ஒரே ஒரு வகுப்பில்தான் சோதித்திருக்கிறீர்கள் என்றால் குறுங்கட்டுரை. பாதியில் நிற்கிறது, துறை சார்ந்தவர்கள் பார்த்துக் கருத்துச் சொன்னால் உதவும் என்றால் சுவரொட்டி. சுவரொட்டியை இரண்டாம்தரம் என்று ஒதுக்காதீர்கள். மேடையில் 15 நிமிடம் பேசி 5 நிமிடம் கேள்வி வாங்கினால் இரண்டு மூன்று பேர்தான் கேட்க முடியும். சுவரொட்டி அருகே ஒரு மணி நேரம் நின்றால் உண்மையிலேயே அக்கறை உள்ளவர்களோடு விரிவாகப் பேசலாம்.

ஐந்தாறு நிமிட மின்னல் உரைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சாகுச்சா முறையில் 20 ஸ்லைடுகள், ஒவ்வொன்றும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. இக்னைட் முறையில் அதே 20 ஸ்லைடுகள் 15 விநாடிக்கு ஒன்றாக ஓடும், 5 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டிலும் ஸ்லைடு தானாகவே நகரும், நிறுத்த முடியாது. 20 நிமிட உரையைச் சுருக்கி இதற்குள் அடைக்கப் பார்த்தால் ஏழாவது ஸ்லைடிலேயே பேச்சும் படமும் பிரிந்துவிடும். சொல்ல ஒரே ஒரு கருத்து இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி முன்மொழிவு. தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்கள், அமர்வு வகை, யாருக்கானது, கேட்பவர் என்ன கற்றுக்கொண்டு போவார், பேசுபவர் அறிமுகம், தேவைப்படும் கருவிகள் என்று படிவத்தில் பல கட்டங்கள் இருக்கும். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். மதிப்பீட்டாளர் ஒரே வாரத்தில் பல முன்மொழிவுகளைப் படிக்கிறவர். "இணையவழிக் கல்வியின் முக்கியத்துவத்தையும் அதில் செயற்கை நுண்ணறிவின் பங்கையும் இக்கட்டுரை விவாதிக்கிறது" என்று எழுதினால் அவருக்கு எதுவும் கிடைக்காது. அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "முதலாண்டு நிரலாக்க வகுப்பில் 140 மாணவர்களின் பயிற்சிகளைத் தானாகத் திருத்தும் கருவியை இரண்டு பருவங்கள் பயன்படுத்தினோம். பிழைச் செய்தியை மட்டும் காட்டியபோதும், குறிப்பும் சேர்த்துக் காட்டியபோதும் மறுமுயற்சிகளின் எண்ணிக்கை எப்படி மாறியது என்பதை ஒப்பிடுகிறோம்." எண்கள் உதாரணத்துக்குத்தான். என்ன செய்தீர்கள், யாரிடம், எவ்வளவு காலம், எதை அளந்தீர்கள் என்ற நாலும் இரண்டே வாக்கியத்தில் வந்துவிட்டன. பின்னணிக்கு ஒரு வாக்கியம், விளைவுக்கு இரண்டு, மற்றவர்களுக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு ஒன்று சேர்த்தால் சுருக்கம் தயார். மாணவர் தரவு இருந்தால் ஒப்புதல் பெற்ற விதத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே முதல் கேள்வியாக வரும்.

தமிழில் முன்மொழிவு ஏற்கும் மாநாடு என்றால் ஒரு எச்சரிக்கை. வரம்பு சொற்களிலா எழுத்துகளிலா என்று பாருங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "தொழில்நுட்பம்" நமக்கு 7 எழுத்து, படிவத்துக்கு 13. வேர்டில் சரியாக இருந்த சுருக்கம் கட்டத்தில் ஒட்டும்போது பாதியில் வெட்டுப்பட இது போதும். ஒட்டியபின் கடைசி வரி வரை உருட்டிப் பாருங்கள்.

இருவழி மறைமதிப்பீடு, அதாவது எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்கும் மதிப்பீட்டாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாத முறை, என்றால் பெயரை நீக்குவது மட்டும் போதாது. பிடிஎஃப் பண்புகளில் ஆசிரியர் பெயர், கோப்பின் பெயர், நன்றியுரை, நிதி உதவி எண், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தள இணைப்பு, ஸ்கிரீன்ஷாட்களில் தெரியும் கல்லூரி முத்திரை எல்லாமே அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டலாம், ஆனால் "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதாமல் வேறொருவர் வேலையைச் சொல்வதுபோல் எழுத வேண்டும். மாநாடு தரும் டெம்ப்ளேட்டில் ஓரத்தைக் குறைத்தும் எழுத்தைச் சிறிதாக்கியும் பக்க வரம்புக்குள் நுழைக்காதீர்கள். மதிப்பீட்டுக்கே போகாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பயிலரங்கு முன்மொழிவில் நிமிடக் கணக்கைக் கட்டாயம் கொடுங்கள். 90 நிமிடம் என்றால்: அறிமுகம் 10, மென்பொருள் நிறுவல் 15, முதல் பயிற்சி 25, அதைப் பற்றிய பேச்சு 10, இரண்டாம் பயிற்சி 20, முடிவில் கேள்விகள் 10. நிறுவலுக்கு நேரம் ஒதுக்காத திட்டத்தைப் பார்த்தாலே அனுபவம் இல்லை என்று தெரிந்துவிடும். 30 பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்பைப் பதிவிறக்கினால் அரங்கின் வைஃபை திணறும். முன்கூட்டியே இணைப்பை அனுப்புவோம், பென் டிரைவிலும் பிரதி வைத்திருப்போம், உதவிக்கு இருவர் இருப்பார்கள் என்று எழுதுங்கள். டெமோவுக்கும் இதேதான்: சர்வரை நம்பாமல் லேப்டாப்பிலேயே ஓடும்படி வைத்து, இரண்டு மூன்று நிமிடத் திரைப்பதிவு ஒன்றையும் தயாராக வைத்திருங்கள்.

குழு விவாதத்தில் ஆள் கூடினால் விவாதம் சாகும். 60 நிமிடத்தில் நான்கு பேர் தலா 5 நிமிடம், நெறியாளர் 5 நிமிடம் எடுத்தால் மீதி 35. ஆறு பேர் என்றால் மீதி 25 தான், அதற்குள் அரங்கம் எப்போது பேசும்? நால்வரும் ஒரே நிறுவனம், ஒரே கருத்து என்றாலும் தேறாது. எந்தக் கேள்வியில் அவர்கள் முரண்படுகிறார்கள் என்பதை எழுதுங்கள், சம்மதம் வாங்கியபிறகு பெயரைச் சேருங்கள்.

கடைசி நாளுக்குப் பக்கத்தில் ஏஓஇ (AoE, Anywhere on Earth) என்று இருந்தால் அது உலகின் ஏதாவது ஒரு மூலையில் அந்த நாள் முடியாமல் இருக்கும்வரை நேரம் உண்டு என்று பொருள். உலகப் பொது நேரமான யூடிசி-யைவிட (UTC) 12 மணி நேரம் பின்தங்கிய நேரம் அது. எனவே 23:59 ஏஓஇ என்பது மறுநாள் யூடிசி 11:59. அதுவரை காத்திருக்க வேண்டாம். பல தளங்களில் கெடு முடியும்வரை கோப்பை மாற்றலாம் என்பதால், இரண்டு நாள் முன்பே ஒரு பதிப்பை ஏற்றிவிடுங்கள். ஆசிரியர் பட்டியலையும் வரிசையையும் அப்போதே உறுதி செய்யுங்கள், பிறகு பெயர் சேர்க்கப் பல மாநாடுகள் அனுமதிப்பதில்லை.

ஏற்பு வந்தபின் மதிப்பீட்டாளர் கேட்ட திருத்தங்களைச் செய்து, எழுத்துருக்களைப் (ஃபான்ட்) பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே உட்பொதித்து, பதிப்புரிமைப் படிவத்துடன் இறுதிப் பிரதி அனுப்ப வேண்டும். ஆசிரியர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. வந்து வழங்காத கட்டுரையை மாநாட்டுக்குப் பிறகான வெளியீட்டிலிருந்து நீக்கும் உரிமையை மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐஇஇஇ (IEEE) போன்ற அமைப்புகள் வைத்திருக்கின்றன. சுவரொட்டி என்றால் அச்சுக்குக் கொடுக்கும் முன் பலகையின் அளவையும் கிடைமட்டமா செங்குத்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ0 தாள் 841 × 1189 மில்லிமீட்டர். செங்குத்துப் பலகையில் கிடைமட்டச் சுவரொட்டியை மாட்டினால் இரு பக்கமும் வெளியே தொங்கி அடுத்தவர் படத்தை மறைக்கும்.