‘எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா?’ என்று கேட்டவருக்கு

தாத்தாவும் சித்தப்பாவும் தற்கொலை செய்துகொண்டார்கள், எனக்கும் 34 ஆகிறது, ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம், காசுக்குத்தான் தண்டம். இதற்கென்று ஒற்றை ஜீன் கிடையாது. ஏராளமான ஜீன்கள் சேர்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. இரட்டையர் ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு சுமார் 30 முதல் 55 சதவீதம் என்று வருகிறது. அது மொத்த மக்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு, தனி ஒருவருக்கானது அல்ல. ‘எனக்குப் பாதி வாய்ப்பு’ என்று படித்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஆமிஷ் மக்களிடையே (பழைய வாழ்க்கை முறையை விடாத ஒரு கிறிஸ்தவச் சமூகம்) 1880 முதல் 1980 வரை நடந்த 26 தற்கொலைகளை ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட முக்கால்வாசி நான்கே குடும்பங்களில். சரி, பரம்பரைதான் என்று தோன்றும். ஆனால் மனச்சோர்வு நோய் நிறைய இருந்த வேறு சில குடும்பங்களில் ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் பெரிதாகப் படுகிறது.

டாக்டர் குடும்ப விவரம் கேட்டால் சுகர், பிரஷர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். சித்தப்பாவையும் சொல்லுங்கள். (எங்கள் வீட்டில் பெரியப்பா விஷயத்தை இருபது வருஷம் ‘நெஞ்சு வலி’ என்றே சொல்லிவந்தோம்.) தூக்கம் கெடுவது, குடி கூடுவது, ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்று தோன்றுவது, இதில் எது வந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், நேராகவே கேட்கிறேன்: உங்களுக்கே இப்போது அந்த எண்ணம் வருகிறதா? வந்தால் இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்காமல் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.