கடைசி நாளில் டேவிட்டைப் பார்க்கவில்லை

வணக்கம் அக்கா,

கல்லூரித் தோழிகள் நான்கு பேர் பல வருடத் திட்டத்துக்குப் பிறகு ஒருவழியாக இத்தாலி போய்வந்தோம். முழு விடுமுறையும் ஃப்ளோரன்ஸில்தான். கடைசி நாளைத் தவிர எல்லாம் நன்றாகவே போனது. அன்று திங்கட்கிழமை. சாயங்காலம் ரோமுக்கு ரயில், ராத்திரி விமானம். மைக்கலாஞ்சலோ செதுக்கிய டேவிட் சிலையைக் கடைசி நாளுக்கென்று வைத்திருந்தேன். அது இருக்கும் அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று காலையில்தான் தெரிந்தது. ஒருத்தி பீசா கோபுரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். இன்னொருத்திக்குத் தோல் பை வாங்கவேண்டும். மூன்றாமவளுக்குக் கால்வலி. பத்து மணி வரை அறையிலேயே வாக்குவாதம், அப்புறம் ஆளுக்கொரு பக்கம். நானும் கால்வலிக்காரியும் ஆற்றைத் தாண்டிப் போய் சாண்டோ ஸ்பிரிட்டோ தேவாலயப் படியில் மதியம் வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். ரயிலில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து "டேவிட் பார்க்கலையா?" என்று கேட்காதவர் இல்லை. இவ்வளவு செலவு செய்து போய் ஒரு நாளை வீணாக்கிவிட்டோமே என்று உறுத்துகிறது. பிரிந்து போனது தப்பா? அந்த நாளை எப்படிக் கழித்திருக்கவேண்டும்?

கே., சேலம்

அன்புள்ள கே.,

பிரிந்து போனது தப்பே இல்லை. எட்டு மணிக்கே பிரிந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

ஒரே அறை, ஒரே குளியலறை, ஒரே கூகுள் மேப்பைச் சுற்றி நான்கு தலைகள் என்று நாள்கணக்கில் இருந்தபின், எவ்வளவு நெருங்கிய தோழியாக இருந்தாலும் சில மணி நேரம் தனியாக விட்டால் தேவலை என்றுதான் இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல நமக்குக் கூச்சம். சேர்ந்து வந்தோம், சேர்ந்துதான் சுற்றவேண்டும் என்று வளர்ந்திருக்கிறோம். அதனால் "எனக்குக் கொஞ்சம் தனியாக இருக்கணும்" என்பது "பீசாவுக்கு யார் வருவா?" என்ற சண்டையாக வெளியே வருகிறது. முந்தின ராத்திரி சாப்பாட்டிலேயே "நாளைக்குக் காலை அவரவர் இஷ்டம், இரண்டு மணிக்கு இந்த இடத்தில் சந்திப்போம்" என்று பேசிவைத்துவிட்டால் அந்தக் கசப்புக்கே இடமில்லை. இடத்தைத் துல்லியமாகச் சொல்லவேண்டும், அது முக்கியம். "டுவோமோ பக்கத்தில்" என்று ஊரின் பெரிய தேவாலயத்தைச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் ஒருவரையொருவர் தேடியே அரை மணி நேரம் போய்விடும்.

இனி டேவிட். அந்தச் சிலையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய 1504 ஜனவரியில் ஃப்ளோரன்ஸின் கலைஞர்களும் கைவினைஞர்களுமாகச் சுமார் முப்பது பேரைக் கூட்டினார்கள். லியொனார்டோ டாவின்சி அதில் இருந்தார், ஓவியர் போத்திச்செல்லி இருந்தார். டுவோமோவின் அருகில் வைக்கலாம் என்றார் போத்திச்செல்லி. சிஞ்ஞோரியா சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் லோஜ்ஜா என்ற திறந்த மண்டபத்தின் கூரைக்கு அடியில் வைக்கலாம் என்றார் லியொனார்டோ. இருவர் சொன்னதும் நடக்கவில்லை. அதே சதுக்கத்தில் நகர அரசின் மாளிகை வாசலில், வெயிலிலும் மழையிலும், கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1873 வரை அங்கேதான் நின்றது. அந்த இடத்தில் 1910-இலிருந்து நிற்கும் நகலை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள், சிஞ்ஞோரியா சதுக்கத்தைத் தாண்டாமல் அந்த ஊரில் யாரும் நடமாட முடியாது. அசலும் நகலும் ஒன்றென்று சொல்லமாட்டேன். அக்காதெமியாவில் அந்தப் பளிங்கின் முன்னால் நிற்பது வேறுதான், அதிலும் அந்த வலது கை, மணிக்கட்டிலும் புறங்கையிலும் புடைத்திருக்கும் நரம்புகள். ஆனால் ஒரு நகரத்தின் மக்கள் முந்நூறு வருடங்களுக்கு மேல் அந்தச் சிலையை எங்கே நின்று அண்ணாந்து பார்த்தார்களோ, அங்கே நீங்களும் நின்றிருக்கிறீர்கள். கேட்பவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

நீங்கள் வீணாகப் போனதாக நினைக்கும் அந்தக் காலைப் பொழுதுக்கு வருகிறேன். சாண்டோ ஸ்பிரிட்டோவின் முகப்பை நன்றாகப் பார்த்தீர்களா? மேலே வளைவுகளோடு, சிலையோ பளிங்கோ இல்லாத வெறும் காரைச் சுவர். உள்ளே கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி திட்டமிட்ட தூண் வரிசைகள். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான், டுவோமோவின் பெரிய குவிமாடத்தைவிடவும். உள்ளே ஓர் அறையில் மரத்தாலான சிலுவை இயேசு தொங்குகிறார். மைக்கலாஞ்சலோ பதினெட்டு வயதை ஒட்டிச் செதுக்கியது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்தத் தேவாலயத்தை ஒட்டிய மடத்தின் மருத்துவமனையில் பிணங்களை அறுத்துப் பார்த்து உடற்கூறு படிக்க மடத்தலைவர் அவரை அனுமதித்தாராம், அதற்கு நன்றியாகச் செய்துகொடுத்தது. டேவிட்டின் திடகாத்திரம் இதில் கிடையாது. மெலிந்த, பையன் போன்ற உடம்பு. தலை ஒரு பக்கம் சாய, முழங்கால்கள் மறுபக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் பார்க்காமல் விட்டவற்றில் இன்னொன்றைச் சேர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஊரில் எந்தப் படியில் உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும். பட்டியல் போட்டால் ஒரு வருடம் தங்கினாலும் தீராது. கால் வலிக்கிற தோழியோடு அந்தப் படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தீர்களே, நான் கடிதத்தில் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். மற்ற இருவரும் கிளம்பிப் போக, நீங்கள் அவளுடன் இருந்திருக்கிறீர்கள். அவள் அதை மறக்கமாட்டாள்.

நானும் தோழிகளும் அங்கே போனபோது கடைசி நாள் காலையைப் பிரித்துக்கொண்டோம். நானும் ஒருத்தியும் டிராமில் ஏறி காஷீனே பூங்காவுக்குப் போனோம். ஆர்னோ ஆற்றை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பூங்கா. அதன் மேற்குக் கோடியில், முன்யோனே என்ற சிற்றாறு ஆர்னோவில் கலக்கும் இடத்தில், இந்தியப் பாணி மண்டபத்துக்குள் தலைப்பாகையோடு ஓர் இளைஞரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. கோலாப்பூர் மகாராஜா ராஜாராம். இங்கிலாந்து போய்விட்டு ஊர் திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30 அன்று ஃப்ளோரன்ஸில் இறந்துபோனார். இருபதே வயது. பிணத்தை எரிக்கும் வழக்கமே இல்லாத ஊரில் சிறப்பு அனுமதி வாங்கி, அந்தக் கூடுதுறையில் இந்து முறைப்படி எரியூட்டினார்கள். பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு இன்றும் "இந்தியர் பாலம்" என்றுதான் பெயர். நாங்கள் போன காலையில் சுற்றுலாப் பயணி ஒருவர்கூட இல்லை, ஓடிப் பழகுகிறவர்கள் மட்டும். என்னோடு வந்தவள், பத்தொன்பது வயதில் தம்பியைப் பறிகொடுத்தவள். அவனைப் பற்றி அந்த ஆற்றங்கரையில்தான் என்னிடம் முதல்முறையாகப் பேசினாள். நால்வரும் சேர்ந்து போயிருந்தால் பேசியிருக்கமாட்டாள்.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களைப் போல இன்னும் பலர் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். உஃபிசி, அக்காதெமியா இரண்டு அருங்காட்சியகங்களுக்குமே திங்கள் விடுமுறை, ஆகவே எதைப் பார்க்கத்தான் போகிறோமோ அதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை விடுதியிலேயே வைத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அந்த நாள் முழுக்கப் பெட்டி இழுப்பதிலேயே கழியும். கடைசி நாள் புது இடங்களைத் தேடி ஓடாமல், ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு இடத்துக்கு மறுபடி போங்கள். நான்கு நாளாகக் காபி குடித்த அதே கடையில் நின்றுகொண்டே ஒரு எஸ்பிரெஸ்ஸோ குடியுங்கள். பல கடைகளில் உட்கார்ந்தால் விலை கூடும். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் வாட்ஸப்பில் வரும் கணக்கு நட்பைக் கெடுக்கும்.

பீசா போனவளைப் பற்றி ஒரு வார்த்தை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து கோபுரத்துக்கு நடை, சாயங்காலம் ரயில் வேறு. நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்து அந்தச் சாய்ந்த கோபுரம் அவள் மனதில் நின்றிருந்தால், தனியாகவாவது போய்ப் பார்த்துவிட்டு ரயிலுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தது பெரிய காரியம். உங்கள் கடிதத்தில் நீங்கள் பார்க்காத டேவிட் இருக்கிறது, அவள் பார்த்த கோபுரம் இல்லை. ரயிலில் யாரும் அவளிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே ஒரு போன் போட்டு, கோபுரம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா