ஏரிக்கரையில் கேபிபாராக் கூட்டம்: குட்டியைத் தொடலாமா?

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஆறு மாதமாகப் பிரேசிலின் கம்பினாஸ் நகரில் இருக்கிறோம். சாயங்காலமானால் குடியிருப்பை ஒட்டிய ஏரிக்கரைக்கு, எலி வகையைச் சேர்ந்த பெரிய விலங்கான கேபிபாராக்கள் பத்துப் பதினைந்து மேய வருகின்றன. என் ஏழு வயது மகன் குட்டியைத் தொட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இவை எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருஷம் வாழும்? ஒன்றின் மூக்குமேல் கறுப்பாக ஒரு கட்டி இருக்கிறது. ஒரு குட்டி எப்போதும் பின்தங்கியே வருகிறது. ஏதாவது நோயா? (ஒரு வாசகி)

வனவிலங்கு மருத்துவரின் பதில்:

கட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அது நோயில்லை, வாசனைச் சுரப்பி. பருவத்துக்கு வந்த ஆணின் மூக்குமேட்டில் மயிரில்லாமல், கறுத்து, மினுமினுவென்று புடைத்திருக்கும். அதில் கசியும் பிசினைச் செடிகொடிகளில் தேய்த்து, 'இது என் இடம்' என்று சொல்லிவிட்டுப் போகும். பெண்ணுக்கும் உண்டு, ஆனால் சட்டென்று கண்ணில் படாது. அந்தக் கூட்டத்தின் தலைவன் யாரென்று நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இனி அளவு. எலி, அணில் வகையறாவான கொறிணிகளில் இன்று உயிரோடு இருப்பவற்றில் இதுதான் மிகப் பெரியது. வளர்ந்த கேபிபாரா ஒரு மீட்டருக்குமேல் நீளம், தோள்வரை அரை மீட்டர் உயரம், 35 முதல் 65 கிலோ எடை. உயரத்தைப் பார்த்தால் வெள்ளாட்டைவிடக் குட்டைதான். ஆனால் உடம்பு பீப்பாய் மாதிரி. வால் இல்லை என்றே சொல்லிவிடலாம். பெண்தான் ஆணைவிடச் சற்றுக் கனம். பிரேசிலில் ஒரு பெண் 91 கிலோ இருந்ததாகப் பதிவு உண்டு. உங்கள் ஏரிக்கரைபோல வருஷம் முழுக்கப் புல்தரை இருந்து, சிறுத்தை போன்ற ஜாகுவாரின் பயமும் இல்லாத இடத்தில் கொழுப்பதற்குக் கேட்கவா வேண்டும்?

பிறக்கும்போது எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஒன்றரை வயதில் முப்பது, நாற்பது கிலோ. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஐம்பது முதல் எழுபது கிராம்வரை கூடுகிறது. இன்று உங்கள் மகன் மடியில் தூக்கிவைத்துக்கொள்ள ஆசைப்படும் குட்டி, அடுத்த வருஷம் இதே நாளில் அவனைவிடக் கனமாக இருக்கக்கூடும். கிட்டத்தட்ட அந்த ஒன்றரை வயதில்தான் பருவத்துக்கும் வரும். பிறகு இளம் ஆண்களைத் தலைவன் துரத்திவிடுவான். சாலையோரத்தில் தனியாக அலையும் ஒன்றைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித் துரத்தப்பட்டதுதான்.

எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். இதன் சினைக்காலமோ ஏறக்குறைய ஐந்து மாதம். இணைசேர்வது தண்ணீருக்குள், ஈனுவது கரையில். ஒரு ஈற்றுக்கு சராசரி நான்கு குட்டி, சில சமயம் எட்டுவரை. பொதுவாக வருஷத்துக்கு ஓர் ஈற்று, மேய்ச்சல் நன்றாக இருந்தால் இரண்டு. ஐந்து மாதம் உள்ளேயே இருந்ததற்குப் பலனாகக் குட்டி கண் திறந்து, பல் முளைத்து, மயிரோடு வெளியே வருகிறது. ஒரு வாரத்துக்குள் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். பால்குடி மறக்க நான்கு மாதம் ஆகும்.

அந்தப் பாலும் தாயிடம் மட்டுமில்லை. கூட்டத்தில் பால் சுரக்கும் எந்தப் பெண்ணிடமும் எந்தக் குட்டியும் குடிக்கும். எல்லோர் வீட்டுப் பிள்ளையும் ஒரே முற்றத்தில் வளர்ந்த பழைய தெருக்கள் மாதிரி. ஆகவே பின்தங்கி வரும் குட்டியை அனாதை என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். அது கீச்சுக்குரல் கொடுத்துக்கொண்டே கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும்.

ஆயுள் எட்டு முதல் பத்து வருஷம், அடைப்பில் பன்னிரண்டுவரை. காட்டில் அந்த வயதை எட்டுபவை குறைவு. வெனிசுவேலாவின் லானோஸ் புல்வெளியிலும் பிரேசிலின் பந்தனால் சதுப்பிலும் முதலையினமான கெய்மனும், அனகோண்டாவும், ஜாகுவாரும், கழுகுகூடக் குட்டிகளைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஊருக்குள் அந்தக் கழிவு இல்லை, வரவு மட்டும்தான்.

அதனால்தான் என் உண்மையான கவலை பல்லைவிட உண்ணியைப் பற்றியது. கம்பினாஸ் வட்டாரத்தில் 'ஃபெப்ரி மகுலோசா' என்ற புள்ளிக்காய்ச்சல் உண்டு. நட்சத்திர உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல் அது. கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும். கம்பினாஸில் ஒரு பண்ணையில் நடந்த விழாக்களுக்குப் போய்வந்த சிலர் 2023 ஜூனில் இதில் இறந்தார்கள். இதில் கேபிபாராவின் பங்கு அதன் பிறப்பு விகிதத்தில் இருக்கிறது. கிருமி முதன்முறை தொற்றும்போது ஓரிரு வாரம் அதன் ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்நேரம் கடிக்கும் உண்ணிகளுக்கு அது தொற்றும். பிறகு அந்த விலங்குக்கு எதிர்ப்பு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் எதிர்ப்பில்லாத புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றனவே! உங்கள் மகன் தொடத் துடிக்கும் அந்தக் குட்டிகள்தான் இந்தச் சுழற்சி நிற்காமல் ஓடக் காரணம்.

ஆகவே தொட வேண்டாம். கேபிபாரா மேயும் புல்லில் உட்காரவும் வேண்டாம், ஏனென்றால் உண்ணி விலங்கின்மேல் மட்டும் இல்லை, புல்லிலும் காத்திருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை கடுகளவுகூட இல்லாத இளம் உண்ணிகள் அதிகம். வெளிர்நிறக் கால்சட்டை போட்டு அதன் ஓரத்தைச் சாக்ஸுக்குள் செருகி விடுங்கள். வீடு திரும்பியதும் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல இழுங்கள். கிருமி உடம்பில் ஏற உண்ணி சில மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், சீக்கிரம் எடுப்பதே பாதிக் காவல்.

ஏரிக்கரைக்குப் போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி வந்தால், உண்ணி கண்ணில் பட்டிருக்காவிட்டாலும், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் 'கேபிபாரா இருந்த இடத்துக்குப் போனோம்' என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குவதுதான் முறை. குழந்தைகளுக்கும் அதேதான். நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்கரப் டைபஸுக்குக் கொடுப்பார்களே, அதே மருந்து. கிருமி மட்டும் வேறு.

பல்லையும் சொல்லிவிடுகிறேன். முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும், உளி மாதிரி வெட்டும். வீடியோக்களில் சாதுவாகத் தெரிகிற இதே விலங்கு, குட்டி பக்கத்தில் இருக்கையில் கடித்தால் தையல் போட வேண்டியிருக்கும். பிரேசிலில் இது சட்டப் பாதுகாப்புள்ள காட்டுவிலங்கு என்பதால் பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம். தீனியும் போடாதீர்கள்.

பையனுக்கு ஏமாற்றமாக இருக்கும், தெரியும். வெயில் தாழ்ந்ததும் சிமென்ட் நடைபாதையில் நின்று பார்க்கட்டும். பயந்தால் நீரில் பாய்ந்து மறையும். மூச்சடக்கி ஐந்து நிமிடம்வரை உள்ளே இருக்கக்கூடியது. பிறகு மூக்கும் கண்ணும் காதும் மட்டும் ஒரே வரிசையில் மேலே வரும். எந்த இடத்தில் எழும் என்று அவனையே ஊகிக்கச் சொல்லுங்கள். நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கூட்டத்திலிருந்து வந்தால் அது எச்சரிக்கைக் குரல். அப்போது பத்தடி பின்னால் வந்துவிடுங்கள்.