கத்திரி வெயிலும் கரன்டும்

(மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வேலூர் வெயிலுக்குப் பேர் போன ஊர். மே மாதத்தில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. சோலாருக்கு இதைவிட நல்ல மாதம் உண்டா? (வாசகர், சத்துவாச்சாரி)

உண்டு. மாசி, பங்குனி. சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதற்கு ஆகாது. தகட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, தகடு 25 டிகிரியில் இருக்கும்போது சோதித்துப் போட்டது. நம்ம ஊர் கத்திரியில் காற்றே 40 டிகிரியைத் தொடும். தகடு 65 வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். கணக்குப் போட்டால், உச்சி வேளையில் நூற்றுக்கு 12 முதல் 16 வரை போச்சு.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் போதும். வருஷ சராசரியில் நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். தகட்டைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்று ஓட இடம் விடச் சொல்லுங்கள். தூசியைக் காலையிலேயே கழுவிவிடுங்கள். பகல் 12 மணிக்குக் கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் காற்றாலை, கமுதியில் சோலார் பூங்கா. அப்புறம் ஏன் நெய்வேலியில் இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள்? (கல்லூரி மாணவி, காட்பாடி)

சாயங்காலம் 7 மணிக்காகத்தான் அம்மா. எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன், டிவி, மிக்சி ஓடுகிற அந்த நேரத்தில் கமுதியின் 648 மெகாவாட்டும் பூஜ்யம். காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், மற்ற மாதங்களில் சோம்பும். நிலக்கரி எந்த நேரத்திலும் எரியும்; அதன் பலம் அவ்வளவுதான். அதற்கு விலை உண்டு. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், அதனால் இன்னும் கூடுதலாக எரிக்க வேண்டும். நம்ம ராணிப்பேட்டை பெல் ஆலையில் செய்கிற கருவிகள் புகையிலுள்ள சாம்பலைப் பிடித்துவிடும். கரியமில வாயு தப்பித்து மேலே போய்விடும்.

வழி என்னவென்றால் சேமிப்பு. ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. கரன்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தட்டுப்பாடு வரும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றாலைக்குச் செலவழிக்கிற அக்கறையில் பாதியை இதில் காட்டியிருக்கலாம் என்பது என் கட்சி. வேலூரில் முடியுமா என்று கேட்டுவிடாதீர்கள், நம்மைத்தான் ‘நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை’ என்று ஊரே சொல்கிறதே.

கேள்வி: விறகு மறுபடி வளர்கிறது. அதுவும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தானே? (வாசகர், ஆலங்காயம்)

வெட்டுகிற வேகத்துக்கு வளர்ந்தால்தான். சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள், யாரும் அழப் போவதில்லை. ஜவ்வாது மலை மரத்தை விட்டுவிடுங்கள். நாலைந்து மாடு இருந்தால் சாண எரிவாயு மேல். சமைக்கிறவர் புகையில் கண்ணைக் கசக்க வேண்டாம்.

கேள்வி: மாடியில் சோலார் போட்டும், கரன்ட் கட் ஆனால் வீடு இருட்டாகிறது. பட்டப்பகலிலும் ஃபேன் ஓடவில்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, குடியாத்தம்)

இல்லை. உங்களுடையது மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத வகை. லைனில் மின்சாரம் நின்றதும், தகட்டுக் கரன்டை வீட்டுக் கரன்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். இல்லையென்றால் உங்கள் மாடிக் கரன்ட் கம்பத்தில் ஏறியிருக்கிறவர் கைக்குப் போகும். கம்பத்தில் ஏறியவன் நான். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கட் நேரத்திலும் ஃபேன் ஓட வேண்டுமானால் பேட்டரியும், லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் தேவை. இனிமேல் வாங்குகிறவர்கள் இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பின்னால் சேர்ப்பதென்றால் பழைய இன்வெர்ட்டரையே கழற்ற வேண்டி வரலாம்.