நிலத்தை ஒத்தி வைத்து மகளைப் பொறியியல் சேர்க்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடையில் மூன்று மா நிலம் வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த மகள் பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் முகவர், ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் உறுதி என்கிறார். நிலத்தை ஒத்தி வைத்துக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. நிலத்தை ஒத்திக்குக் கொடுத்தால் தை அறுவடை ஒத்தி பிடித்தவர் வீட்டுக்குப் போய்விடும். பிறகு இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு எங்கே போவீர்கள்?

உங்கள் மகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு 2021 முதல் நடைமுறையில் உள்ள இதில் அரசுப் பள்ளி மாணவர்கள் தங்களுக்குள் மட்டும்தான் போட்டியிடுகிறார்கள். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அது அமையாமல் பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும் முதல் பட்டதாரி சலுகையில் கல்விக் கட்டணம் குறையும். ஆனால் இரண்டுமே கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்கு மட்டும்தான். முகவர் காட்டும் இடத்தில் சேர்ந்த அன்றே இரண்டும் கைவிட்டுப் போகும். கலந்தாய்வில் இடம் கிடைக்காது என்று அவர் பயமுறுத்துவார். ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்த பிறகும் தனியார் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதுதான் உண்மை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். நம் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர்தான் அது.

எனக்குக் கவலை தருவது முதல் இரண்டு மாதங்கள்தான். பெட்டி, துணிமணி, டிராஃப்டர், கால்குலேட்டர் என்று செலவு வரும்போது உங்கள் கைப்பணம் முழுவதும் விதையிலும் உழவுக் கூலியிலும் முடங்கியிருக்கும். கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் பலரும் போவது அப்போதுதான். ஒரு பத்தாயிரத்தை இன்றே மகள் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள்.

அதற்கு மேலும் பணம் தேவைப்பட்டால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். வட்டி படிக்கும்போதே ஏறும் என்பதால், அறுவடைப் பணம் வந்ததும் அதை மட்டுமாவது கட்டிவிடுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்குங்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். தேர்வு முடிவு வந்துவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது.